பிக்கப்புக்குக் காற்றுப் போட்ட காலம்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் தொண்ணூறாம் ஆண்டு எப்படியும் கதைக்குள் வந்துவிடும். ஒருவர் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளின் புகையைச் சொல்வார். இன்னொருவர் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் துணி தோய்த்ததைச் சொல்வார். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன். என்னுடைய தொண்ணூறாம் ஆண்டை மட்டும் நான் அங்கே எடுத்ததில்லை. நீங்கள் ஓடித் திரிந்த அந்த மாதங்களில் நான் படுத்துக் கிடந்தேன். இன்றைக்கு அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. மருதனார்மடச் சந்தியிலிருந்து உள்ளுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். அப்பாவிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. தோட்டங்களிலிருந்து சந்தைக்கு வெங்காயமும் மரவள்ளியும் ஏற்றுவார். ஆனி மாதம் சண்டை திரும்பவும் தொடங்கியது. பெற்றோல் நின்றது, மின்சாரம் நின்றது, பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்து வந்த சனம் இருந்தது. அப்பா வளவுக்குள் பங்கர் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டார். ஒருநாள் காலையில் பிளேன் இரைச்சல் கேட்டு ஓடிப்போய் அதற்குள் குதித்தேன், படி வெட்டாத பக்கத்தால். குண்டு எங்கேயோ தொலைவில் விழுந்தது. என் தொடையெலும்பை முறித்தது எங்கள் பங்கர்தான்.

மானிப்பாய் ஆஸ்பத்திரியில் விலாவிலிருந்து பாதம்வரை பிளாஸ்ரர் கட்டுப் போட்டார்கள். அங்கே காயக்காரர் நிலத்திலும் படுத்திருந்தார்கள். கட்டில் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், மூன்று கிழமை கழித்துக் காட்டச் சொன்னார்கள். அந்த மூன்றாம் கிழமைப் பயணத்தை என்னால் மறக்க முடியாது. பிக்கப்பின் பின்தட்டில் இரண்டு மெத்தை போட்டு என்னைக் கிடத்தியிருந்தார்கள். தெருவெல்லாம் குழி. ஒவ்வொரு குழிக்கும் தட்டு என்னைத் தூக்கி எறிந்து திரும்ப வாங்கியது. நாலு மைலும் கத்தினேன். அப்பா எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அது தூக்கித்தான் எறிந்தது.

டொக்டர் எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு விலகியிருந்தது. திரும்ப நேராக்கிப் புதிதாகக் கட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் அப்பாவைக் கதவடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது.

"இன்னொருக்கா விலகினால் கால் கட்டையாப் போம். எட்டுக் கிழமையாலை கட்டு வெட்டக் கொண்டு வாங்கோ. ஆனால் உப்பிடிக் குலுக்கிக்கொண்டு வராதேங்கோ."

அன்றைக்கு நான் வீடு திரும்பியது நாலு ஆம்பிளைகளின் தோளில், கட்டிலோடு. வழியில் இரண்டு பேர் சைக்கிளால் இறங்கி ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்ததும் அவர் திடுக்கிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் நடந்து வந்த அம்மா வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதா.

"உயிரோடை இருக்கிற பிள்ளையை இனி உப்பிடித் தூக்க விடமாட்டன்," என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னா. "வாகனத்திலை கொண்டுபோக வழியைப் பாருங்கோ."

 அப்பா அடுத்தநாள் விடியவே பிக்கப்புக்குக் கீழே போய்விட்டார்.

என் கட்டிலை யன்னலோடு போட்டிருந்தார்கள். யன்னலால் பிக்கப்பின் பின்பக்கம் தெரியும். அதற்குக் கீழே அப்பாவின் இரண்டு பாதங்கள் தெரியும். அந்த மாதங்களில் என் அப்பா என்றால் எனக்கு அந்தப் பாதங்கள்தான். பெருவிரல்கள் சில நேரம் மண்ணில் ஊன்றி இறுகும், சில நேரம் தளரும். ஒரு நாளைக்கு ஒரு தரம் அறை வாசலுக்கு வந்து, "நோகுதே?" என்பார். "இல்லை" என்றால் போய்விடுவார். "ஓம்" என்றாலும் போய்விடுவார். நான் பங்கருக்குள் குதித்ததற்காகக் கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் ஒரு மனிதர் இரும்புக்குக் கீழே போய்ப் படுப்பார் என்று பன்னிரண்டு வயதில் யாருக்குத் தெரியும்?

என்னோடு படித்த பிள்ளைகள் முதல் கிழமை வந்தார்கள். பிளாஸ்ரர் கட்டின் மேலே கையெழுத்துப் போட்டார்கள். பிறகு வரவில்லை. கட்டுக்குள் வேர்த்துக் கடிக்கும். அம்மா தந்த ஈர்க்கை உள்ளே விட்டுச் சொறிவேன். எட்டாத இடம்தான் எப்போதும் கடிக்கும். பிளேன் வந்தால் அயலெல்லாம் பங்கருக்குள் போகும். என்னைத் தூக்க முடியாது. அம்மா என் தலைமாட்டில் குந்தியிருந்து தேவாரம் சொல்லுவா. அவவின் குரல் நடுங்குவதைக் கேட்பதைவிட அவ பங்கருக்குப் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் போகச் சொல்லவும் வாய் வராது.

அப்பா முதலில் தட்டில் மண்மூட்டை அடுக்கிப் பார்த்தார். பாரம் இருந்தால் குலுக்கம் குறையும் என்பது அவருக்குத் தெரிந்த கணக்கு. மண்ணெண்ணெயில் ஓடிய என்ஜின் அந்தப் பாரத்தை இழுக்காமல் இருமிக்கொண்டு நின்றது. அதை இறக்கிக்கொண்டு நின்றபோதுதான் ரயர் நானா வந்தார்.

யாழ்ப்பாணப் பட்டணத்தில், சோனகர் என்று நாங்கள் சொல்லும் முஸ்லிம்கள் இருந்த பகுதியில் ரயர் ஒட்டும் கடை வைத்திருந்தவர். அப்பாவின் சக்கரங்களை வருடக்கணக்காக அவர்தான் பார்த்தவர். வாகனங்கள் நின்றுபோனதால் கடையில் வேலை இல்லை. சைக்கிளில் ஒரு பேசினையும் பம்மையும் கட்டிக்கொண்டு ஊர் ஊராக ரியூப் ஒட்டித் திரிந்தார். மெலிந்த ஆள், நரைத்த தாடி, ஒரு காதில் எப்போதும் பென்சில் துண்டு. அவர் பிக்கப்பின் பின்பக்கத்தைப் பிடித்து இரண்டு தரம் அமத்திப் பார்த்தார். அசையவில்லை.

"தம்பி, உந்த ஸ்பிறிங் பட்டையள் பத்து அந்தர் வெங்காயத்துக்குச் செய்தது. உன்ரை பிள்ளை எத்தினை றாத்தல்? அதுக்கெங்கை வளையப்போகுது? ரெண்டு பட்டையைக் கழட்டிப்போட்டு, நடுவிலை காத்தை வைச்சுப் பாப்பம்."

"காத்தையோ?"

"ரயருக்குள்ளை காத்து நிக்கேல்லையே? அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையிலையும் நிக்கும். நிக்கப் பண்ணுவம்."

பிறகு யன்னலடிக்கு வந்து கம்பிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"மகளுக்குத்தானே இந்தச் சப்பறம் கட்டுறம். பேர் என்ன?"

ஐந்தாறு கிழமைக்குள் என்னிடம் யாரும் கேட்ட முதல் கேள்வி அது, நோகுதா என்பதைத் தவிர.

அதிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் வந்தார். முதலில் கால்பந்தின் உள்ரியூப் இரண்டை வைத்துப் பார்த்தார்கள். அப்பா தட்டில் ஏறி ஒரு துள்ளுத் துள்ளியதும் ஒன்று வெடித்தது. ஒழுங்கை முழுக்கப் பங்கருக்குள் ஓடிப்போய் அரை மணித்தியாலம் வெளியே வரவில்லை. அடுத்ததாகக் கார் ரியூப்பை மடித்துக் கட்டினார்கள். அது ஒரு பக்கத்தால் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. கடைசியில் நானா ஸ்கூட்டர் ரயர் இரண்டைக் கொண்டுவந்தார். ரயரைக் கிடையாகப் படுக்கவைத்து, மேலும் கீழும் வட்ட இரும்புத் தகடு போட்டு இறுக்கி, உள்ளே ரியூப்பை வைத்தார். பார்க்க இரண்டு கறுத்த வடை மாதிரி இருந்தன. சைக்கிள் பம்மால் காற்றடிக்க, பிக்கப்பின் பின்பக்கம் ஒரு மாடு எழும்புவது போல மெல்ல எழும்பியது. நான் கட்டிலில் கிடந்து கைதட்டினேன். அப்பாவின் தலை கீழேயிருந்து வெளியே வந்து யன்னலைப் பார்த்தது. கன நாளைக்குப் பிறகு பார்த்த முகம். உடனே திரும்ப உள்ளே போய்விட்டது.

நானா ஒட்டுகிற வேலையை யன்னலுக்குக் கீழே இருந்துதான் செய்வார். ரியூப்பைக் காதோடும் கன்னத்தோடும் வைத்துக் காற்றுப் போகும் இடத்தைப் பிடிப்பார். தண்ணீரில் அமுக்குவது சந்தேகம் தீர்க்கத்தான். செய்துகொண்டே கதைப்பார். அவருக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். ஒரேயொரு மகள். மாம்பழம் தின்னமாட்டாளாம், புளித்த மாங்காய்தானாம். கணக்குப் பிழைத்தால் கொப்பியைக் கிழிப்பாளாம்.

"உன்னைப் பற்றிச் சொன்னனான். ஒரு துண்டு எழுதித் தந்தவள்," என்று ஒருநாள் கம்பிக்குள்ளால் ஒரு மடித்த தாளை நீட்டினார்.

'கட்டுக்குள்ளே எறும்பு போனால் என்ன செய்வாய்?' என்று மட்டும் எழுதியிருந்தது. சரிந்த, கூரான எழுத்து.

'போனது. இரண்டு நாள் இருந்தது. பிறகு செத்துவிட்டது என்று நினைக்கிறேன்,' என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்படித்தான் தொடங்கியது. ஒன்பது கடிதம் வந்தது. சவர்க்காரம் இல்லாமல் அவளுடைய தலைமயிர் தும்புமாதிரி ஆகிவிட்டதாம். அவளுடைய உம்மாவுக்கு மூச்சு இழுப்பாம், மழைக்குணம் வந்தால் இரவெல்லாம் குந்திக்கொண்டு இருப்பாவாம், அவள் முதுகு தடவுவாளாம். அவளும் வீட்டில் தனியாம். ஆறாவது கடிதத்தில் ஒரு கறுத்த மயிர்க்கிளிப் வந்தது. நான் என் சிவப்பு றிபனை அனுப்பினேன். கடிதங்களை மெத்தைக்குக் கீழே வைத்திருந்தேன். தொண்ணூற்றைந்தில் எல்லாரும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது மெத்தையோடு போயின. அவளைப் போல ஒரு சிநேகிதி பிறகு எனக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் அப்போது ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

புரட்டாதிக் கடைசியில் வெள்ளோட்டம் வைத்தார்கள். என்னை ஏற்ற முன்னம் யாராவது படுத்துப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்ல, நானா செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டில் ஏறி மல்லாந்து படுத்தார். பக்கத்தில் நிறைய நிறையத் தண்ணீர் விட்ட செம்பு ஒன்று. பிக்கப் ஒழுங்கையால் போனது. முதல் முடக்கில் தோணிபோல ஒரு பக்கம் சரிந்தது. இரண்டு பைகளையும் ஒரே குழாயால் இணைத்திருந்தார்கள். ஒன்று அமர, அதிலிருந்த காற்று மற்றதற்கு ஓடிவிட்டது.

"தம்பி, நிப்பாட்டு! நான் விழப்போறன்!"

மதிலடியில் நின்ற கிழவர் ஒருவர், "ஆரப்பா செத்தது?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை, ஐயா! கொஞ்சம் பொறுங்கோ!" என்று நானா படுத்தபடியே கத்தினார்.

அம்மா யன்னலடியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. அந்த வருடத்தில் அவ அப்படிச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். பிறகு ஒவ்வொரு பைக்கும் தனித்தனி வால்வு வைத்தார்கள். "ரெண்டு பக்கமும் ஒரே அளவு காத்து நிக்கோணும். கூடக்குறைய நிண்டால் பிள்ளையின்ரை இடுப்புத் திருகும்," என்று நானா அப்பாவுக்குச் சொல்லிச் சொல்லியே அடித்தார். இரண்டாம் ஓட்டத்தில் செம்பிலிருந்து ஒரு சொட்டுத்தான் சிந்தியது.

ஐப்பசி மழை தொடங்கியது. கட்டு வெட்ட ஒரு வியாழக்கிழமை குறித்திருந்தார்கள். நானா கடைசியாக வந்தது அதற்கு முந்திய சனிக்கிழமை. ஒரு பக்க வால்வில் அவருக்குத் திருப்தி இல்லை. "புதன்கிழமை வந்து ஒருக்கா பாக்கிறன்," என்றார். நான் அவரிடம் ஒரு நீண்ட கடிதம் கொடுத்தேன். 'கட்டு வெட்டினால் நான் நடப்பேன். நீ எங்கள் வீட்டுக்கு வா. எங்கள் பிக்கப் இனிக் குலுக்காது. அப்பாவைக் கேட்டு உன்னையும் உம்மாவையும் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுகிறேன். உம்மாவுக்கு இழுக்காது.' அப்படி எழுதியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சந்தையில் வெங்காயம் நிறுக்கிறவர் சைக்கிளில் ஓடிவந்தார். அப்பாவோடு கேற்றடியில் நின்று மெல்லிய குரலில் கதைத்தார். எனக்கு ஒரேயொரு சொல் மட்டும் கேட்டது: "நடக்கேலாது." என்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று நினைத்தேன். 

அப்பா விறாந்தையிலிருந்த பெற்றோல் போத்தலை எடுத்துக்கொண்டு போனார். அந்த நாளில் என்ஜினைத் தட்டியெழுப்பக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும், பிறகுதான் மண்ணெண்ணெயில் ஓடும். பிக்கப் ஸ்ராட் ஆனது. கேற்வரைக்கும் போனது. அம்மா ஓடிப்போய் முன்னால் நின்றா. மழை தூறிக்கொண்டிருந்தது. கையை விரித்து என் யன்னல் பக்கம் காட்டி ஏதோ சொன்னா. அப்பா ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி இருந்தார். கனநேரம் இருந்தார். பிறகு என்ஜின் நின்றது.

அன்றைக்குப் பின்னேரம், "எங்கையப்பா வெளிக்கிட்டனீங்கள்?" என்று வாசலுக்கு வந்தவரைக் கேட்டேன்.

"என்ஜின் வேலை செய்யுதோ எண்டு பாத்தனான்."

புதன்கிழமை நானா வரவில்லை. அம்மாவைக் கேட்டேன்.

"அவர் யாவாரத்துக்குக் கொழும்புப் பக்கம் போட்டாராம்."

"மகளையும் கூட்டிக்கொண்டோ?"

"ஓம். குடும்பத்தோடை."

என் கடிதத்துக்கு மறுமொழி இல்லை. சொல்லாமல் போய்விட்டாள். இரவு முழுக்க அந்தக் கடிதத்தில் என்ன பிழையாக எழுதினேன் என்று யோசித்தேன். உம்மாவின் இழுப்பைப் பற்றி எழுதியது பிழையோ? எங்களிடம் பிக்கப் இருக்கிறது என்று பெருமை அடித்துவிட்டேனோ? என் மனம் நோகக்கூடாது என்று அவர்கள் சொன்ன பொய் அது. எனக்கோ, உலகத்தில் என்னோடு கதைத்த இரண்டு பேரும் ஒரே நாளில் என்னை வேண்டாம் என்று போனதாக ஆனது. உண்மையைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். ஆனால் என்னை நானே வெறுத்திருக்கமாட்டேன்.

வியாழக்கிழமை அப்பா தனியாக இரண்டு பைகளுக்கும் காற்றடித்தார். ஒன்றுக்கு அடித்துவிட்டு மற்றதைத் தட்டிப் பார்ப்பார். திரும்ப முதலாவதற்கு வருவார். என்னைத் தூக்கிக் கிடத்தினார்கள். பிக்கப் வெளிக்கிட்டது. என்னவென்று சொல்வேன்? குழி வரும்போது தட்டு மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. மேலே மழை கழுவிய வானம், பனைகளின் தலை, தந்திக் கம்பி, எல்லாம் வழுக்கிக்கொண்டு பின்னால் போயின. ஒரு இடத்திலும் நோகவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தா. சந்தோஷப்பட வேண்டிய பயணம். நான் மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

வழியில் வயல்வெளி ஒன்றில் அப்பா வாகனத்தை நிறுத்தினார். இறங்கிப் போய் வரம்பில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்மா கூப்பிடவில்லை. திரும்பி வந்து, "நோகுதே?" என்றார்.

"இல்லை."

அவர் முகம் கோணியது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

எலும்பு நேராக ஒட்டியிருந்தது. தை பிறக்க முன்னம் தடி இல்லாமல் நடந்தேன். நான் நடந்த கிழமையே அப்பா இரண்டு பைகளையும் கழற்றிவிட்டுப் பழைய இரும்புப் பட்டைகளைத் திரும்பப் பூட்டினார். ஏன் என்று கேட்டேன். "பாரம் ஏத்தேலாது," என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த வாகனத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் உடம்பு அதிர அதிரத்தான் ஓட்டினார். பட்டணத்துக்குப் போனால் ரயர்க்கடைத் தெருவால் போகாமல் சுற்றிப் போவார்.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது எனக்கும் மெல்ல மெல்லத் தெரியவந்தது: பட்டணத்திலிருந்த சோனகச் சனம் முழுவதையும் துவக்கோடு வந்தவர்கள் சில மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னது, உடுத்த உடுப்போடு போனது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமையையும் எங்கள் பிக்கப்பையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அப்பா செத்து, எட்டுச் செலவும் முடிந்த பிறகு, அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தபோது தானாகச் சொன்னா.

"நானா ஆளனுப்பினவர். மனிசிக்கு நடக்கேலாது, பிக்கப்பைக் கொண்டு வரேலுமோ எண்டு. கேற்றடிக்கு வந்த பிறகு போத்தலிலை இன்னும் ஒருக்கா தட்டத்தான் பெற்றோல் மிச்சம். போனால் திரும்பி வர அதையும் விடோணும், உனக்கு வியாழக்கிழமைக்கு இல்லை. போனால் பிக்கப்பையும் பறிப்பாங்களோ எண்டு பயம். நான்தான் மறிச்சனான். கொப்பர் அதுக்குப் பிறகு என்னோடை அதைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கேல்லை."



சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு பட்டணத்துக்குத் திரும்பி வந்திருந்த ஒரு தையற்காரரிடம் விசாரித்து விலாசம் எடுத்தேன். புத்தளத்துக்குப் போனேன். தகரப் படலையைத் திறந்தவள் என் வயதுக்காரி. முக்காட்டுக்கு வெளியே நரைமயிர் தெரிந்தது. நான் யார் என்று சொன்னதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எறும்பு," என்றாள்.

நானா இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. உம்மா அதற்கும் கனகாலம் முந்தி, இங்கே வந்த முதல் மாரியிலேயே. அவள் தேத்தண்ணி ஊற்றினாள். என் கடைசிக் கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன்.

"கிடைச்சது. அதைப் பாத்துத்தான் உம்மா சொன்னவ, அவையிட்டைப் பிக்கப் இருக்குதே, கேட்டுப் பாருங்கோ எண்டு. சந்தியிலை மழைக்குள்ளை நிண்டு பாத்தவ. எல்லாரும் போன பிறகும் நிண்டவ. பட்டணத்துக்கு அங்காலை கிடக்கிற வெளி தாண்டுமட்டும் வாப்பா அவவைத் தோளிலை சாத்திக்கொண்டு நடந்தவர்."

நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆள் வந்து சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"பிக்கப் வெளிக்கிட்டது," என்றேன். "கேற்வரைக்கும் வந்தது. எனக்கு ஆஸ்பத்திரிக்குப் பெற்றோல் வேணுமெண்டு நிப்பாட்டிப்போட்டினம்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். வெளியே யாரோ பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் கேட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. எழும்பிப் போகச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் போயிருப்பேன்.

"வாப்பா நடக்கேக்கை என்ன சொல்லிக்கொண்டு வந்தவர் தெரியுமா?" என்றாள் கடைசியில். "ஒரு பக்க வால்வு சரியில்லை, தம்பிக்குத் திருத்திக் குடுக்காமல் வந்திட்டன் எண்டு. எனக்கு அப்ப வாப்பாவிலை சரியான கோவம்."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"எழும்பி நடந்து காட்டுங்கோ," என்றாள்.

வாசலிலிருந்து கிணற்றடிவரைக்கும் நடந்தேன். திரும்பி நடந்து வந்தேன். அவள் படியில் குந்தியிருந்து என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தரமும் நடக்கச் சொன்னாள். நடந்தேன்.

"ரெண்டும் ஒரே அளவுதான்," என்றாள்.